கைதட்டாதீங்க... பசூன் வாசிக்குது!



"ஆர்க்கெஸ்ட்ரா" என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கல்யாண வரவேற்பில் மேடை போட்டு, பெரிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, சினிமாப் பாட்டுப் பாடுவார்களே, அதுதானே? பக்கத்து நாற்காலியில் இருக்கும் சித்தப்பா பேசுவதுகூடக் காதில் விழாது!

இன்று நான் உங்களை அழைத்துப் போவது வேறு மாதிரி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. அங்கே சுமார் 60 பேர் வாசிப்பார்கள். ஆனால், ஒரு மைக்கூடக் கிடையாது. அந்த 60 பேருக்கும் முன்னால் ஒரே ஒருவர் வயலினுடன் நிற்பார். அவர் வாசிப்பது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். அது எப்படி?

வாருங்கள், நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம். விசா, டிக்கெட் எதுவும் வேண்டாம். கற்பனை போதும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். மூடினால் எப்படிப் படிப்பது என்று உங்களில் யாராவது ஒரு வாலு கேட்பீர்கள்!

இதோ, ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரம். நாம் நிற்பது 'கெவாண்ட்ஹவுஸ்' என்ற இசை அரங்கின் வாசலில். வாயில் நுழையாத பெயராக இருக்கிறதா? பொருள் மிக எளிது. 'ஜவுளி மாளிகை' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1781ஆம் ஆண்டு, இந்த ஊர்த் துணி வியாபாரிகளின் மாளிகையில் ஒரு கூடத்தை இசை அரங்காக மாற்றினார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போதுள்ள கட்டடம் மூன்றாவது, 1981இல் திறக்கப்பட்டது.

1835இல், தம் 26ஆவது வயதில், இந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைவராக வந்தவர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன். இன்று நாம் கேட்கப்போகும் இரண்டு படைப்புகளும் அவருடையவைதான். முதலில் ஒரு வயலின் கான்செர்ட்டோ. இடைவேளைக்குப் பிறகு, ஒரு நாடகத்துக்காக அவர் எழுதிய இசை.

அரங்குக்குள் வந்துவிட்டோம். மேடையைப் பாருங்கள். முன்னால் விசிறி போல விரிந்து வயலின்கள். அவற்றைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள். முழங்கால்களுக்கு இடையில் வைத்து வாசிக்கும் செல்லோக்கள். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் டபுள் பாஸ்கள். அவர்களுக்குப் பின்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அதற்கும் பின்னால் ஹார்ன், டிரம்பெட் போன்ற பித்தளைக் குழல்கள். கொப்பரை கொப்பரையாக வைத்திருக்கிறார்களே, அவை டிம்பனி என்னும் முரசுகள்.

"ஙீ...." என்று ஒரு நீண்ட ஒலி கேட்கிறதா? அது ஓபோ. நம் நாகஸ்வரத்துக்குச் சீவாளி இருப்பதுபோல ஓபோவுக்கும் சீவாளி உண்டு. அது கொடுக்கும் அந்த ஒரே சுரத்துக்கு எல்லோரும் சுருதி சேர்த்துக்கொள்கிறார்கள். கச்சேரிக்கு முன்னால் நம் வித்வான்கள் செய்வதும் இதைத்தானே?

அதோ, கையில் மெல்லிய குச்சியுடன் வருபவர் கண்டக்டர். பயப்படாதீர்கள், டிக்கெட் கேட்க மாட்டார்! எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், யார் அடக்கி வாசிப்பது என்றெல்லாம் கைகளாலேயே சொல்பவர். இப்படிக் குச்சி பிடித்து நடத்தும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் மெண்டல்சனும் ஒருவர்.

அவருடன் ஒரு பெண் வயலினோடு வருகிறார் பாருங்கள். அவர்தான் இன்று தனியாக வாசிக்கப்போகிறவர். நம் கர்நாடக இசை மேடையில் வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியம். பாடகர் பாட, அது பின்தொடர்ந்து வரும். (அந்த வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 200 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியரிடம் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார்.) ஆனால் இங்கே வயலின்தான் கதாநாயகி. மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அதற்குத் துணை. ஒரு வாத்தியம் இப்படி ஆர்க்கெஸ்ட்ராவுடன் பேசியும் போட்டியிட்டும் கொஞ்சியும் வாசிக்கும் இசைக்குத்தான் 'கான்செர்ட்டோ' என்று பெயர்.

மெண்டல்சனுக்கு ஒரு நண்பர் இருந்தார். பெயர் ஃபெர்டினாண்ட் டேவிட். இதே ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் கலைஞர். இருவரும் ஹாம்பர்க் நகரத்தில், ஒரே வீட்டில், ஓராண்டு இடைவெளியில் பிறந்தவர்கள் என்றால் நம்புவீர்களா? 1838இல் மெண்டல்சன் இந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். உனக்காக ஒரு வயலின் கான்செர்ட்டோ எழுத ஆசை, அதன் தொடக்கம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்து என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை என்று.

அடுத்த குளிர்காலத்துக்குள் எழுதிவிடலாம் என்று நினைத்தார். எழுதி முடித்தது எப்போது தெரியுமா? 1844 செப்டம்பரில்! ஆறு ஆண்டுகள்! வயலினில் இதை வாசிக்க முடியுமா, இந்த இடத்தில் விரல் எட்டுமா என்று டேவிட்டிடம் யோசனை கேட்டுக் கேட்டுத் திருத்தினார். கட்டுரை நோட்டில் ஒரு வரியை அடித்துத் திருத்தச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நான் யார் பெயரையும் சொல்லவில்லை!

உஷ்... தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், முதலில் ஆர்க்கெஸ்ட்ரா சில நிமிடங்கள் வாசிக்கும். அதுவரை தனி வயலின்காரர் சும்மா நிற்பார். மெண்டல்சன் அப்படிக் காத்திருக்க வைக்கவில்லை. மற்ற வயலின்கள் குசுகுசுவென்று தொடங்குகின்றன. இரண்டு மூச்சுவிடும் நேரம்தான். உடனே தனி வயலின் உச்சத்தில் பாட ஆரம்பித்துவிடுகிறது! அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த மெட்டு இதுதானோ என்னவோ, கேட்டால் நம்மையும் எளிதில் விடாது.

இப்போது முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன். ஒற்றை வயலின் எப்படிக் கேட்கிறது? மெண்டல்சன் அதை மிக மெல்லிய தந்தியில், உயரமான சுரங்களில் பாடவிடுகிறார். கூட்டமான வகுப்பில் கீச்சுக்குரல் உள்ள பையன் எங்கிருந்து பேசினாலும் ஆசிரியருக்குக் கேட்டுவிடும், இல்லையா? அது மாதிரி. அதே நேரத்தில் மற்ற 60 பேரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் அடக்கி வாசிக்க வேண்டும் என்று தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதோ வருகிறது. கிளாரினெட்டுகளும் புல்லாங்குழல்களும் சேர்ந்து அமைதியான ஒரு மெட்டைப் பாடுகின்றன. கதாநாயகி என்ன செய்கிறார்? வயலினின் மிகத் தடித்த தந்தியில் ஒரே ஒரு சுரத்தை, நீளமாக, அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். தம்பூரா போல! இவ்வளவு நேரம் எல்லோருக்கும் மேலே பறந்த வயலின், இப்போது எல்லோருக்கும் அடியில் தரையாகிவிட்டது.

இன்னும் சற்று நேரம் கழித்து ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் நின்றுவிடும். வயலின் மட்டும் தனியாக வித்தை காட்டும். முடிகிற இடத்தில் வில்லைப் பாருங்கள். நான்கு தந்திகளின் மேலும் ரப்பர் பந்து போலத் துள்ளுகிறது! அந்தத் துள்ளல் நிற்பதற்குள்ளேயே, அடியில் ஆர்க்கெஸ்ட்ரா சத்தமில்லாமல் நுழைந்து முதல் மெட்டைப் பாடத் தொடங்கிவிடும். எப்போது நுழைந்தது என்று கண்டுபிடிப்பது கடினம். நான் கேசட்டை மூன்று முறை திருப்பிப் போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

முதல் பகுதி முடியப்போகிறது. பலமான முடிவு. கை பரபரக்கிறதா? பொறுங்கள், கைதட்டாதீர்கள்! பசூன் வாசிக்கிறது!

பசூன் என்பது சீவாளி வைத்த, நம் நாகஸ்வரத்தைவிட உயரமான மரக்குழல். அடித்தொண்டையில் பேசும் தாத்தா குரல் அதற்கு. எல்லா வாத்தியங்களும் நின்ற பிறகும், ஒரே ஒரு பசூன் மட்டும் தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு மெல்ல ஒரு படி மேலே ஏறுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வர, அடுத்த பகுதி, தாலாட்டு போன்ற ஒன்று, தொடங்கிவிடுகிறது. அந்நாளில் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ரசிகர்கள் கைதட்டி ஆரவாரம் செய்வார்கள். அதில் இசையின் மனநிலை கலைந்துபோகும். "தட்டாதீர்கள்" என்று மெண்டல்சன் பலகை எழுதி மாட்டவில்லை. ஒரு பசூனை நிற்க வைத்தார், அவ்வளவுதான்!

மூன்றாவது பகுதி டிரம்பெட் முழக்கத்துடன் வந்து, வண்ணத்துப்பூச்சி போலப் படபடத்துப் பறந்து முடிகிறது. மொத்தம் அரை மணிக்கும் சற்றுக் குறைவு. இப்போது தட்டலாம். நன்றாகத் தட்டுங்கள்!

இது முதன்முதலில் அரங்கேறியது 1845 மார்ச் 13 அன்று, லைப்சிக்கின் அந்தப் பழைய ஜவுளி மாளிகையில். வாசித்தவர், வேறு யார், டேவிட்தான். ஆனால் மெண்டல்சன் அன்று அங்கே இல்லை. உடல்நலம் சரியில்லாததால், டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் காடே என்பவர் நடத்தினார். ஆறு ஆண்டுகள் உழைத்தவருக்கு முதல் கைதட்டலைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

இடைவேளை. கால் நீட்டிக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் கனமான கதை.

மெண்டல்சன் 1847இல், 38 வயதிலேயே இறந்துவிட்டார். 1892இல் லைப்சிக் மக்கள், அப்போதிருந்த இரண்டாவது கெவாண்ட்ஹவுஸ் முன்னால் அவருக்குச் சிலை வைத்தார்கள். பிறகு 1933இல் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. மெண்டல்சன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஒரு காரணத்துக்காகவே அவருடைய இசையை வாசிக்கக் கூடாது என்றாக்கினார்கள். இறந்து 80, 90 ஆண்டுகள் ஆன மனிதரின் இசையை!

1936 நவம்பரில் ஓர் இரவு, அந்தச் சிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நகர மேயர் கார்ல் கெர்டலர் அதை எதிர்த்து வந்தவர். அவர் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து அது நடந்தது. திரும்பி வந்த மேயர் பதவி விலகினார். பின்னாளில் ஹிட்லருக்கு எதிராகச் செயல்பட்டதற்காக 1945இல் அவர் கொல்லப்பட்டார்.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. நாம் அடுத்துக் கேட்கப்போகும் நாடக இசை ஜெர்மனியில் அவ்வளவு பிரபலம். அது இல்லாமல் அந்த நாடகத்தை நடத்துவதே பழக்கமில்லை. அதனால் வேறொருவரை விட்டுப் புது இசை எழுத வைத்தார்கள். கார்ல் ஓர்ஃப் என்பவர் எழுதிய இசை 1939இல் ஃபிராங்க்ஃபுர்ட் நகரில் அரங்கேறியது. ஓர்ஃப் சாதாரண ஆளல்ல, பெரிய இசையமைப்பாளர். இருந்தாலும், போர் முடிந்து தடை போனதும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் மெண்டல்சனின் தாள்களைத்தான் எடுத்து விரித்தன. 2008இல் அந்தப் பழைய சிலையைப் போலவே ஒன்றைச் செய்து, லைப்சிக்கில் தாமஸ் தேவாலயத்தின் அருகே நிறுத்தினார்கள்.

மணி அடித்துவிட்டது. உள்ளே போகலாம்.

மேடையில் இப்போது கூடுதலாகச் சில பித்தளைக் குழல்களும், பெரிய ஜால்ரா போன்ற ஒன்றும் வந்திருக்கின்றன. இரண்டாம் பாதி முழுவதும் நாடகம். ஆனால் நடிகர்கள் வேண்டாம். நாடகத்தைக் காதாலேயே பார்க்கப்போகிறோம்.

நாடகம், ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு'. ஏதென்ஸ் நகருக்கு அருகில் ஒரு காடு. அங்கே தேவதைகளின் அரசன் ஓபரானும் அரசி டைட்டானியாவும் சண்டை போடுகிறார்கள். எதற்கு? ஒரு சின்னப் பையனை யார் வைத்துக்கொள்வது என்று. அந்தப் பையன் எந்த ஊர் என்கிறீர்கள்? நம் இந்தியா! இந்திய அரசன் ஒருவனின் பிள்ளை. அரசிக்குப் பாடம் புகட்ட நினைத்த ஓபரான், பக் என்ற குறும்புக்காரனை அனுப்பி மாயப் பூச்சாற்றைக் கொண்டுவரச் சொல்கிறான். அதைக் கண்ணில் விட்டால், விழித்ததும் முதலில் யாரைப் பார்க்கிறார்களோ அவர்கள்மேல் அன்பு பொங்கும். அந்தக் காட்டில் சில தொழிலாளிகள் நாடக ஒத்திகை பார்க்க வருகிறார்கள். அவர்களில் பாட்டம் என்ற நெசவாளியின் தலையைப் பக் கழுதைத் தலையாக மாற்றிவிடுகிறான். அரசி கண் விழித்துப் பார்ப்பது யாரை? அந்தக் கழுதைத் தலையனைத்தான்!

1826இல், 17 வயதில், மெண்டல்சன் பெர்லினில் தம் வீட்டுத் தோட்டத்தில் இந்த நாடகத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் படித்தார். அக்கா ஃபேனியும் கூட. படித்த சூட்டோடு ஒரு தொடக்க இசையை எழுதினார். அதை முதலில் அக்காவும் தம்பியும் பியானோவில் சேர்ந்து வாசித்துக் காட்டினார்கள். ஃபேனியும் மிகச் சிறந்த இசையமைப்பாளர். ஆனால் பெண் பிள்ளைக்கு இசை ஓர் அலங்காரமாக இருந்தால் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் எழுதிய சில பாடல்கள் தம்பி பெயரிலேயே அச்சாயின. இங்கிலாந்து அரசி விக்டோரியா தமக்குப் பிடித்ததென்று மெண்டல்சன் முன்னால் பாடிக்காட்டிய பாடல்கூட ஃபேனியுடையதுதான். அது அக்கா எழுதியது என்று மெண்டல்சன் ஒப்புக்கொண்டார். அப்பா வேறு மாதிரி சொல்லியிருந்தால் இன்று நமக்கு இரண்டு மெண்டல்சன்கள் கிடைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்தத் தொடக்க இசையைப் பற்றி இன்னொரு கதையும் சொல்வார்கள். 1829இல் லண்டனில் அதன் கையெழுத்துத் தாள்களை ஒருவர் வாடகைக் குதிரை வண்டியில் மறந்துவிட்டாராம். மெண்டல்சன் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், முழுவதையும் நினைவிலிருந்தே மறுபடி எழுதிக் கொடுத்தாராம்!

கேளுங்கள். இரண்டே இரண்டு புல்லாங்குழல்கள் சேர்ந்து ஒரு நீண்ட ஒலி. அடுத்த ஒலியில் இன்னும் சில குழல்கள் சேர்கின்றன. அடுத்ததில் இன்னும் சில. நான்கே ஒலிகள். காட்டின் கதவு திறந்துவிட்டது.

உடனே வயலின்கள் பல குழுவாகப் பிரிந்து, மிக மிக மெதுவாக, ஆனால் மிக மிக வேகமாக வாசிக்கின்றன. இலைகளுக்கு இடையே தேவதைகள் ஓடுகிறார்கள்! திடீரென்று எல்லா வாத்தியங்களும் முழங்கினால், அரசர் வருகிறார் என்று பொருள். பிறகு தொழிலாளிகளின் குதியாட்டம். அதற்குள்ளே வயலின்கள் மேலிருந்து கீழே "ஈ..ஆ!" என்று குதிக்கின்றன. என்ன அது? கழுதை கத்துகிறது!

நான் ஆசிரியராக இருந்தபோது, ஓர் ஆண்டு விழாவில் இந்த நாடகத்தைத் தமிழில் போட்டோம். கழுதைத் தலையை அட்டைப்பெட்டியில் செய்தேன். டைட்டானியா வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காது கழன்று விழுந்தது! தேவதைகளாக வந்த பிள்ளைகள் கொலுசு போட்டுக்கொண்டு தடதடவென்று ஓடி வந்தார்கள். கூட்டம் சிரித்துவிட்டது. எனக்கு அன்று ஒரே வருத்தம். வெகுநாள் கழித்து இந்த இசையைக் கேட்டபோதுதான் புரிந்தது. தேவதைகளை மேடையில் காட்டுவது கடினம். காதில் காட்டுவது சுலபம். எங்களிடம் ஓர் ஆர்மோனியம்தான் இருந்தது, என்ன செய்வது?

17 வயதில் தொடக்க இசையை எழுதியவரிடம், பல ஆண்டுகள் கழித்துப் பிரஷ்யா மன்னர், "முழு நாடகத்துக்கும் இசை வேண்டும்" என்று கேட்டார். சினிமாவுக்குப் பின்னணி இசை போல. மெண்டல்சனுக்கு அப்போது வயது 34. சிறு பையனாகப் புகுந்த காட்டுக்குள் பெரியவனாக மறுபடி போக வேண்டும்! போனார். 1843 அக்டோபர் 14 அன்று, பாட்ஸ்டாம் நகர அரண்மனையில் நாடகம் அரங்கேறியது.

இதோ, பக் ஓடி வரும் இசை. கடைசியில் புல்லாங்குழல்காரரைக் கவனியுங்கள். நிற்காமல், குட்டிக் குட்டிச் சுரங்களாகக் கொட்டுகிறார். மூச்சு எங்கே விடுகிறார்? இன்றும் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர வரும் புல்லாங்குழல் கலைஞர்களிடம், "இதை வாசித்துக் காட்டு" என்று தேர்வு வைக்கிறார்கள்.

அடுத்து, வழி தவறிய காதலர்கள் காட்டில் தூங்குகிறார்கள். ஹார்ன் ஒன்று போர்வை போர்த்துவதுபோல வாசிக்கிறது. இதை மட்டும் பேசாமல் கேட்போம்.

டடடா...டா! டிரம்பெட் முழக்கம். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்களே! இது உங்களுக்குத் தெரியும். சினிமாவில் தேவாலயத்தில் கல்யாணம் முடிந்து மணமக்கள் வெளியே வரும்போது கேட்டிருப்பீர்கள். இந்த நாடகத்தின் கல்யாணத்துக்காக எழுதிய இசைதான் அது. 1858இல் விக்டோரியா அரசியின் மூத்த மகள் தம் திருமணத்தில் இதை வாசிக்க வைத்தார். அதிலிருந்து ஊர் ஊராகப் பரவிவிட்டது. மெண்டல்சன் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

கல்யாணம் முடிந்தது. விளக்குகள் அணைகின்றன. தேவதைகள் மறுபடி மெல்ல ஓடி வந்து அரண்மனையை வாழ்த்துகிறார்கள். சத்தம் குறைந்துகொண்டே போகிறது. இப்போது வருவது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்? ஆமாம், அந்த நான்கு ஒலிகள்! 17 வயதுப் பையன் காட்டின் கதவைத் திறந்த அதே நான்கு ஒலிகளால், 34 வயதுக்காரர் அதை மூடுகிறார்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு.

உஷ், இன்னும் தட்டாதீர்கள். கண்டக்டரின் கை இன்னும் கீழே இறங்கவில்லை.

இறங்கிவிட்டது. தட்டுங்கள்!